இன்னும் யாரும் கேட்கவில்லை

1

இந்தக் கதை எனக்கு ஒட்டுக்கேட்டதில் கிடைத்தது. ஓர் இஸ்லாமியப் பல்கலைக்கழகத்தின் நூலகச் சுவருக்கு வண்ணம் அடித்துக்கொண்டிருந்தேன். சாரத்தில் நிற்பவனை யார் அண்ணாந்து பார்க்கிறார்கள்? கீழே படிக்கட்டில் மூன்று பேர்.

முதலில் இப்படி எழுதத் தொடங்கினேன்: ‘நிலவு முகத்தாள் ஒருத்தி…’ அடித்துவிட்டேன். மேலிருந்து எனக்குத் தெரிந்தது முக்காடு மட்டும்.

2

அவள் கணக்குக்காரி, கணிதம் படிக்கிறாள். அவன் மார்க்கச் சட்டம் படிக்கிறவன். ஒருவருக்கு ஒருவரைப் பிடித்துப்போயிற்று. ஆனால் ஆணும் பெண்ணும் தனித்திருக்கக் கூடாது என்பதை இருவரும் மனதார ஏற்றவர்கள். அதனால் நடுப்படியில் எப்போதும் அவளுடைய அறைத்தோழி, கடலை கொறித்தபடி. (இவளுக்கும் ஒரு காதல் வைக்கலாமா என்று யோசித்தேன். கடலையே போதும்.) விரல்கூடப் படாத அந்தப் பேச்சில் எத்தனை சிரிப்பு! அதை எழுத எனக்கு… தோள் கடுக்கிறது. மேலே போகிறேன்.

3

நல்ல பிள்ளைதான், சொதப்பிவிட்டான். முறைப்படி செய்கிறேன் என்று நேரே அவள் வாப்பாவிடம் போய்ப் பெண் கேட்டான். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வாப்பா போனில், “சம்மதமாம்மா?” என்றார். கோபத்தில் அவளுக்கு நாக்கு எழவில்லை. கன்னிப்பெண் வெட்கப்பட்டுப் பேசாமலிருந்தால் அதையே சம்மதமாகக் கொள்ளலாம் என்று மார்க்கத்தில் ஒரு சலுகை உண்டு. வாப்பா, “அல்ஹம்துலில்லாஹ்!” என்று போனை வைத்துவிட்டார். உம்மா சொந்தபந்தம் முழுக்கத் தண்டோரா போட்டாயிற்று.

4

“சட்டம் படிச்சவருக்கு என்னைக் கேக்கணும்னு தோணலியோ?”

“பெரியவங்ககிட்ட கேக்கறதுதானே மரியாதை…”

“கல்யாணம் யாருக்கு, வாப்பாவுக்கா?”

தோழிக்குப் புரையேறியது. “நான் வேணா அந்தப் பக்கம் போயிடவா?”

“உக்காருடி. சாட்சி வேணும்.”

படிக்கட்டில் நின்றபடியே வாப்பாவுக்குப் போன் போட்டாள்.

“வாப்பா, நான் பேசாம இருந்தது வெக்கத்துல இல்ல, கோபத்துல. அதைச் சம்மதம்னு எடுத்துக்காதீங்க… இல்ல வாப்பா, வேணாம்னும் சொல்லல. என்னை இன்னும் யாருமே கேக்கல… சொந்தக்காரங்களா? உம்மாகிட்ட நீங்களே சொல்லிடுங்க.”

குரலில் நடுக்கம் இருந்தது, வார்த்தையில் இல்லை. எனக்குத் தூரிகையில் வண்ணம் காய்ந்துவிட்டது.

அவன் இரண்டு படி இறங்கி, தரையில் நின்றான். காது சிவந்திருந்தது.

“தப்புதான். இப்போ கேக்கறேன். என்னைக் கட்டிக்கச் சம்மதமா?”

5

ஒரு முடிவில் அவள் ‘சரி’ என்றாள். எழுதும்போதே இனித்தது, அடித்துவிட்டேன். இன்னொன்றில் ‘மாட்டேன்’ என்றாள். தப்பை ஒப்புக்கொண்டு நிற்கிறவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. மூன்றாவதில் அவள் மெல்ல…

உண்மையில் என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. மேஸ்திரி மறுபக்கச் சுவருக்கு என்னைக் கூப்பிட்டுவிட்டார். தெரிந்திருந்தாலும் சொல்லமாட்டேன். அவளுக்காக அவன் முடிவு செய்தான், பிறகு வாப்பா முடிவு செய்தார். இதில் நான் வேறு எதற்கு?

அவள் வாயைத் திறக்கிறாள். நீங்கள் கிட்டேதானே நிற்கிறீர்கள், கேளுங்கள்.