செலாவுக்கும் சேர்த்து

...ஆட்சேபம் என்று ஒரு வரி எழுதி அனுப்பினால் போதும், எட்டரைக்குள் அனுப்ப வேண்டும், அனுப்பாவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வார்களாம், பதினான்கு மாதம் பேசியதற்கு இப்படி ஒரு முடிவா... கண்மணி கைப்பேசியை மடியில் கவிழ்த்து வைத்தாள். காலையில் கோரமண்டல் ஸ்டேஷனில் ரயில் ஏறும்போதே மணியைப் பார்க்கத் தொடங்கியவள், பங்காரப்பேட்டை தாண்டியும் ஒரு வார்த்தை எழுதவில்லை. பக்கத்தில் மமதா, ஒயிட்ஃபீல்டில் துணிக்கடை வேலை, இரண்டு வருடமாக இதே பெட்டியில் கூட வருகிறவள், துப்பட்டாவால் முகத்தை மூடித் தூங்கிக்கொண்டிருந்தாள். இணையத்தின் பெயர்களையும் முகவரிகளையும் நிர்வகிக்கிற அந்த உலக அமைப்பு பூமியை ஐந்து பகுதிகளாகப் பிரித்துவைத்து, பகுதிக்கு இத்தனை இடம் என்று ஆள் எடுக்கிறது. அந்தப் பிரிப்பு சரிதானா என்று பார்க்க ஒன்பது பேர் குழு, சம்பளம் இல்லாத வேலை. பெங்களூரில் நெட்வொர்க் கம்பெனியில் இருக்கிறோமே, நமக்கும் இது தெரியுமே என்று விண்ணப்பித்தாள், எடுத்துக்கொண்டார்கள். ஆனால் அதுவா காரணம்? படிக்கிற காலத்தில் இங்கே, கர்நாடகத்துத் தாலுகா ஆபீசில், சாதிச் சான்றிதழுக்குப் போய் நின்றபோது, உங்க தாத்தா வேலூர் பக்கத்திலிருந்து வந்தவர், அங்கே போய்க் கேளுங்கள் என்றார்கள், வேலூரில் கேட்டால் நீங்கள் கர்நாடகா என்றார்கள். அப்பா சித்தார்த்தன் தங்கச் சுரங்கத்தில் இருபது வருடம் கீழே இறங்கியவர், அன்று திரும்பி வரும் வழியெல்லாம் அந்த விண்ணப்பத்தை மடித்தும் பிரித்தும் வந்தார். கோடு போடுகிற இடத்தில் ஒரு நாளாவது உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று அப்போது விழுந்த ஆசை... உட்கார்ந்தாயிற்று, என்ன கிழித்தாள்?

அவளுடைய பகுதி அரபு நாடுகளில் தொடங்கி, இந்தியா, சீனா, ஆஸ்திரேலியா என்று போய்ப் பசிபிக் தீவுகளில் முடிகிறது, உலகத்து மக்களில் பாதிக்கும் மேல் அதில், இடம் மட்டும் ஐந்தில் ஒன்று. அந்தப் பகுதிக்கு அவளும் செலாவும். செலா பசிபிக்கில் ஒரு சின்னத் தீவில் பள்ளி ஆசிரியை, கடலடி இணையக் கேபிள் ஒன்று அறுந்தால் மூன்று வாரம் ஊரே இருட்டு என்பாள், எங்களுக்கும் டோக்கியோவுக்கும் என்ன ஒற்றுமை, தீவுகளைத் தனிப் பகுதியாக வையுங்கள் என்பாள். வரைபடத்தை வைத்துப் பிரிக்காதீர்கள், மொழி, வசதி, தூரம் இவற்றைப் பாருங்கள், எந்தப் பகுதியில் சேருவது என்று அந்தந்த நாடே சொல்லட்டும் என்று கண்மணி பதினோரு பக்கம் எழுதினாள். குழுத் தலைவர் பொறுமையாகக் கேட்டார், எல்லாக் கூட்டத்திலும் பொறுமையாகவே கேட்டார், ஒன்றை மாற்றினால் எல்லோரும் கேட்பார்களே என்றார். எட்டாவது மாதம் செலா விலகிக்கொண்டாள். இனி எனக்கும் சேர்த்து நீயே பேசு என்று கடைசிக் கடிதம். இப்போது இறுதி அறிக்கை வந்திருக்கிறது, ஐந்தும் அப்படியே இருக்கும், தீவுகள் ஒரு பார்வையாளரை அனுப்பலாம், அவருக்கு ஓட்டு இல்லை. ஒருவர் ஆட்சேபித்தாலும் அறிக்கை முழுதும் விழுந்துவிடும், அந்தப் பார்வையாளரும் போய்விடுவார். பேசாமல் இருந்தால் இதுதான் சரி என்று அவளே சொன்னதாக ஆகும். ஓட்டில்லாமல் ஒரு நாற்காலி நல்லதா, நாற்காலியே வேண்டாம் என்பது நல்லதா... வாசலில் நின்றாவது பார்க்கட்டும் என்று முடிவு செய்ய நான் யார்?

மாலூரில் மமதா விழித்துக்கொண்டாள். இன்னாக்கா, மூஞ்சி இப்படி கீது, ஊட்ல எதுனா பிரச்சனையா என்று கேட்டாள். இல்லை என்று சொல்லிப் பேச்சை முடிக்கத்தான் நினைத்தாள், எப்படியோ எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள், ஐந்து பகுதி, தீவு, கேபிள், எட்டரை மணி. மமதா கடைசிவரை கேட்டாள்.

"அந்தப் பொண்ணையே ஒரு வார்த்த கேட்டுடேன்க்கா. அவங்க ஊருதானே?"

இவ்வளவுதான், இது ஏன் தோன்றவில்லை? மணி எட்டு ஐந்து, அங்கே பிற்பகல் மூன்றரை ஆகியிருக்கும், பள்ளி விட்டிருக்கும். கண்மணி செலாவின் எண்ணைத் தேடினாள். இல்லை. பேசியதெல்லாம் குழுவின் கூட்டங்களிலும் பொது மின்னஞ்சல் பட்டியலிலும், விலகியதும் குழுவில் அவளுக்குக் கொடுத்திருந்த முகவரியை நீக்கிவிட்டார்கள், கடைசிக் கடிதம்கூட அதிலிருந்துதான் வந்திருந்தது. தெரிந்தும் ஒன்று எழுதிப் பார்த்தாள், அதே வேகத்தில் திரும்பி வந்தது. பள்ளியின் பெயர்? கேட்டதில்லை. வீட்டில் யார் இருக்கிறார்கள்? கேட்டதில்லை. ஆறு மாதமாக அவளுக்கும் சேர்த்துப் பேசியிருக்கிறேன், உரக்கப் பேசியிருக்கிறேன்... ஆட்சேபம் என்று எழுதினாள், அழித்தாள், எங்கள் பகுதியின் சார்பில் என்று தொடங்கினாள், எங்கள் என்ற இடத்தில் விரல் நின்றது, வண்டி தேவனகுந்தியில் நின்று புறப்பட்டது.

எட்டு முப்பத்தொன்றுக்குத் தலைவரின் கடிதம் வந்தது. ஆட்சேபம் ஏதும் வராததால் அறிக்கை ஏற்கப்பட்டது, ஒவ்வொரு பகுதியின் உறுப்பினருக்கும் நன்றி. கண்மணி அதை மமதாவிடம் காட்டினாள். ஒயிட்ஃபீல்ட் வர, மமதா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தவள், என்னவோ நினைத்து நின்றாள்.

"அப்போ நம்ம பக்கத்துக்கும் நீதானாக்கா ஆளு?"

கேலி இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். ஆமாம் என்று சொல்ல வாயெடுத்த கண்மணிக்கு, இந்தப் பதினான்கு மாதமும் தோளோடு தோள் இடித்து உட்கார்ந்து வந்த இவளிடம் உனக்கு என்ன வேண்டும் என்று ஒரு நாளாவது... கூட்டம் மமதாவை இறக்கிக்கொண்டு போனது.