கேட்காமல் உழுத நிலம்

மேற்குக் கான்சாஸில் எங்கள் பக்கம் ஒருவர் படுத்துவிட்டால், அக்கம்பக்கத்தார் டிராக்டரோடு வந்து அவர் வயல் வேலையை முடித்துக் கொடுத்துவிட்டுப் போவார்கள். யாரும் கூப்பிட வேண்டியதில்லை.

என் கணவர் வெர்லினுக்கு இதயத்தில் அறுவை சிகிச்சை. ஆஸ்பத்திரியிலிருந்து அவரை அழைத்துக்கொண்டு வந்தால், கோதுமைத் தாள் நின்ற எங்கள் வயல் கறுப்பாகப் புரண்டு கிடக்கிறது. ஒன்பது வருஷமாக அதில் கலப்பை படாமல் காத்தவர் அவர். அறுவடைக்குப் பின் நிற்கும் தாளை அப்படியே விட்டு அதன் நடுவிலேயே விதைப்பார். ஈரம் நிற்கும், காற்று மண்ணை வாரிக்கொண்டு போகாது. ஊரார் அதற்குக் குப்பைக்காடு என்று பெயர் வைத்திருந்தார்கள்.

பக்கத்துப் பண்ணை எல்டன் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார். கேலியில் முதல் ஆள் அவர்தான். இப்போது தன் வேலையைப் போட்டுவிட்டு வந்து உழுதிருக்கிறார். முகமெல்லாம் புழுதி, கண்ணில் அத்தனை சந்தோஷம்.

"உடம்புக்கு முடியாமத்தான் இத்தன வருஷமா அப்படியே போட்டு வச்சிருந்தியா வெர்லின்? எங்களுக்குத் தெரியாமப் போச்சே. இனிமே வருஷா வருஷம் நாங்க பாத்துக்கறோம்."

வெர்லின் நன்றி சொல்லிவிட்டு உள்ளே போய்ச் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். எனக்குத் திட்டுவதா, கையெடுத்துக் கும்பிடுவதா என்று தெரியவில்லை. ஓடைப் பக்கத்துத் துண்டு மட்டும் பாக்கி, காலையில் முடித்துவிடுகிறோம் என்றார் எல்டன். என் வாய் தானாகச் சரி என்றது.

உள்ளே போய்ச் சொன்னேன். வேண்டாம் என்று சொல்லிவிடு என்றார் வெர்லின். உடனே, சொல்லாதே, பாவம், மனசு நொந்துபோவார்கள் என்றார்.

காலையில் பட்டைத்தூள் தூவி ரொட்டி சுட்டேன். ஓடைப் பக்கத்து வழியில் காரைக் குறுக்கே நிறுத்திவிட்டுத் தட்டோடு நின்றேன். எல்டன் டிராக்டரை விட்டு இறங்கி வந்தார். நன்றி சொன்னேன். அழுகையும் வந்தது. காரை எடுக்கச் சொன்னார். நான் அசையவில்லை.

"இது மட்டும் வேணாம் எல்டன். அவர் உழாமக் காத்ததுல இதுதான் மிச்சம்."

அவர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு கறுப்பு வயல் பக்கம் திரும்பினார். அங்கே காற்று அதற்குள் மண்ணைக் கிளப்பத் தொடங்கியிருந்தது.

"அப்ப நாங்க என்ன பண்ணி வச்சிருக்கோம் லவோன்?"

சூடாக இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள் என்று தட்டை நீட்டினேன்.