பாத்தாச்சு, மூடு

பெரியம்மா நீட்டிய பிஸ்கட்டை அவள் பாதி வழியிலேயே பிடித்துக்கொண்டாள். தம்பியின் வாய் அதற்குள் திறந்திருந்தது.

"வேணாம் பெரியம்மா. அவன் எதுவும் சாப்பிடக் கூடாது."

"விடிஞ்சதுலேர்ந்து பச்சத்தண்ணிகூடக் குடிக்கலன்னாங்க. அவனாத்தான் வேணாங்கறான்னு நெனச்சேன்."

கூடத்தில் அம்மா பெட்டிக்குள் இருந்தாள். முந்தின நாள் மதியம் துணி மடித்துக்கொண்டிருந்தவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள், பிறகு எழுந்திருக்கவில்லை. அடக்கம் மாலை நாலு மணிக்கு. வந்தவர்கள் பெட்டியைப் பார்த்துவிட்டு, நாற்காலியில் ஆடிக்கொண்டிருந்த தம்பியைப் பார்த்தார்கள். முப்பது வயதைத் தாண்டியவன். பேச்சு வராது. காத்திருக்கப் பிடிக்காது என்பதால் வீட்டில் அவனுக்குத் துரை என்று பெயர். வீங்கிய இடது கன்னத்தில் அவ்வப்போது தானே குத்திக்கொண்டான்.

"தாயை நெனச்சு அடிச்சுக்கறான் பாரு," என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

அவள் திருத்தவில்லை. அடித்துக்கொண்டது கடைவாய்ப் பல்லுக்காக. அம்மாவுக்காகவும் இருக்கலாம்.

துரைக்குப் பல் பிடுங்க முழு மயக்கம் கொடுத்தாக வேண்டும். இல்லையென்றால் மருத்துவரின் விரல் மிஞ்சாது. அரசுக் காப்பீட்டில் பல் பிடுங்க இடமுண்டு, மயக்க மருந்துக்கும் இடமுண்டு, இரண்டும் சேர்ந்து வந்தால் கிடையாது. பல்லுக்கு மயக்கம் கேட்பது அழகு சிகிச்சை என்று தள்ளிவிட்டார்கள். அம்மா அவனையே அலுவலகத்துக்குக் கூட்டிப்போய் அதிகாரிக்கு எதிரே உட்காரவைத்து, "அழகுக்காகத்தான் கேக்கறேனான்னு நீங்களே பாருங்க சார்" என்றாள். அவன் அவர் மேஜையில் இருந்த பேனாவைக் கடித்து இரண்டாக்கினான். சிறப்பு அனுமதி வந்தது. அதற்கென்று ஒரே ஆஸ்பத்திரி, வாரத்தில் ஒரே நாள், நீண்ட வரிசை. துரையின் முறை இன்று காலை.

விடிந்ததும் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்திருந்தாள். "கேக்கவே கஷ்டமா இருக்கும்மா," என்றாள் அங்கிருந்த பெண். "ஆனா இன்னிக்கு விட்டா அனுமதி காலாவதி ஆயிடும். முதல்லேர்ந்து வரணும். அடுத்த வருஷம் ஆயிடும்."

தாய்மாமா வாசலில் வழிமறித்தார். "என் அக்காவ நடுவீட்டுல கெடத்திட்டு, பல்லு புடுங்கப் போறேங்கற."

"ஆமா மாமா."

"நாலு பேரு என்ன பேசுவாங்க?"

"வலி இவனுக்கு. அந்த நாலு பேருக்கு இல்ல."

"ஒரு மாத்திரையக் குடுத்துட்டு நாளைக்கு..."

"மாசக்கணக்கா மாத்திரைதான் மாமா."

அவர் தலையைத் திருப்பிக்கொண்டார். "நாலு மணிக்கு எடுத்துருவோம். அதுக்குமேல வண்டி நிக்காது. சொல்லிட்டேன்."

ஆஸ்பத்திரியில் மருத்துவர் கேட்டார்: "அம்மா வரலையா? அவங்க சொன்னாத்தான் வாயத் தெறப்பான்னு போட்டிருக்கே."

"இன்னிக்கு வரல."

அம்மாவின் கைப்பையிலிருந்து சின்ன டார்ச்சை எடுத்து எரியவிட்டாள். துரை உடனே வாயைத் திறந்தான். தினமும் பல் தேய்த்ததும் அம்மா இதைக் கொண்டு கடைவாயில் ஆரம்பித்து ஒவ்வொரு பல்லாகப் பார்த்து, "பாத்தாச்சு, மூடு" என்பாள். அதுவரை அவன் மூடமாட்டான். அவசரத்தில் பார்க்காமலே சொல்லி அவனை ஏமாற்றவும் முடியாது.

மருத்துவர் பார்த்து முடித்தார். துரை அக்காவையே பார்த்தபடி வாயைத் திறந்து வைத்திருந்தான். என்ன சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தெரியும்; குரல் வரவில்லை. முகமூடியை வைத்தார்கள். திறந்த வாயோடே தூங்கிப்போனான்.

இரண்டு பல்லை எடுத்தார்கள். அவன் கண் விழிக்க நேரமானது. எழுந்து நிற்க அதைவிட நேரமானது. டாக்சியில் அவள் தோளில் சாய்ந்து வந்தான். அவள் கைபேசியில் மணி பார்ப்பதை ஒரு கட்டத்தில் நிறுத்திவிட்டாள்.

வீட்டு வாசலில் அமரர் ஊர்தி இன்னும் நின்றுகொண்டிருந்தது. உள்ளே மூடி இன்னும் போடவில்லை. நாலு பேர் பெட்டியின் நாலு பக்கமும் குனிந்து கை வைத்திருந்தார்கள்.

"நாலு மணி எப்பவோ ஆச்சு," என்றார் மாமா. அதுவரை எல்லாரையும் நிறுத்திவைத்தது தான்தான் என்று அவர் சொல்லவில்லை.

துரை அவள் கையை விட்டுவிட்டுத் தள்ளாடிப் பெட்டியருகே போனான். அம்மாவின் தாடை வெள்ளைத் துணியால் கட்டப்பட்டிருந்தது. அவன் வாயில் கடித்திருந்த பஞ்சைத் துப்பிவிட்டு, அம்மாவின் முகத்துக்கு நேரே குனிந்து வாயை அகலத் திறந்தான். அப்படியே நின்றான்.

பெரியம்மா அவன் சட்டையைப் பிடித்து மெல்ல இழுத்தாள். அசையவில்லை.

"அம்மாடி, வண்டிக்காரன் சத்தம் போடறான்," என்றார் ஒருவர்.

"போடட்டும்," என்றார் மாமா. "கைய எடுங்கப்பா."

நாலு பேரும் கையை எடுத்து நிமிர்ந்தார்கள்.

அவள் துரையின் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பி டார்ச்சைப் போட்டாள். கடைவாயில் புதுப் பள்ளம் இரண்டு, ஓரத்தில் கறுப்பாகத் தையல். அதற்கடுத்த பல்லுக்கு வெளிச்சத்தை நகர்த்தினாள். அதற்கடுத்ததற்கு.