மூன்றாம் ஷெட்டின் கருப்புச் சுவர்

தனக்கோடி அன்று காலை வேலைக்கு வந்தபோதே கிடங்கு முழுக்கச் சுண்ணாம்பு நாற்றம். மரத்தடியில் வெள்ளை, பாதையோரக் கல்லுக்கு வெள்ளை, ஓடாமல் கிடந்த லாரியின் சக்கரத்துக்குக்கூட வெள்ளை. ராணுவ விமானங்களுக்கு உதிரிபாகம் சேர்த்து அனுப்பும் அந்தக் கிடங்கு, யுத்த காலத்தில் தொடங்கி, இந்தத் தொண்ணூற்று மூன்றோடு ஐம்பது வருஷம் ஆகிறதாம். டில்லியிலிருந்து பெரிய அதிகாரி வருகிறாராம். கொஞ்சம் அசையாமல் நின்றிருந்தால் தன் மேலும் ஒரு பூச்சு அடித்துவிட்டுப் போயிருப்பார்கள் என்று தனக்கோடி நினைத்துக்கொண்டார்.

அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். மூன்றாம் ஷெட்டின் பின்சுவரையும் அல்லவா பூசிவிட்டார்கள்!

அந்தக் காலத்துச் சின்ன விமானங்களுக்கு இறக்கை என்றால் துணிதான். துணி விறைப்பாக நிற்க டோப் என்று ஒரு பூச்சு பூசுவார்கள். பெட்ரோல் மாதிரிப் பற்றிக்கொள்ளும். யுத்தம் முடிவதற்குள் ஒருநாள் டோப் டிரம்கள் தீப்பிடித்து, இந்தச் சுவரோரம் வேலை பார்த்த கூலிக்காரர்கள் கருகிப்போனார்கள். தனக்கோடியின் அப்பா முனிகிருஷ்ணனும் அதில் ஒருவர். தனக்கோடி அப்போது கைக்குழந்தை. தொம்மலூர் வீட்டில் அப்பாவின் போட்டோ ஒன்றுகூடக் கிடையாது. அப்பா என்றால் அவருக்கு இந்தக் கருங்கல் சுவரில் படிந்த கரிதான். ஆயுத பூஜையன்று தராசுக்கும் டிராலிக்கும் பொட்டு வைப்பதற்கு முன்னால், முதல் பூசணிக்காயை இந்தச் சுவருக்குத்தான் உடைப்பார்கள். வெள்ளையடிக்க வந்தவன் எவனும் இதைத் தொட்டதில்லை. தொடாதே என்று யாரும் சொன்னதுமில்லை.

விழா மலரில் கிடங்கின் வரலாறு வரப்போகிறது என்றதும், அப்பாவைப் பற்றி ஒரு வரி போடச் சொல்லிக் கேட்டிருந்தார். விழா வேலையெல்லாம் முன்னின்று பார்த்த யூனியன் செயலாளர் கோதண்டராமன், "கண்டிப்பா போட்றலாம் பா, நம்ம ஆளுங்க ஆச்சே" என்று தோளைத் தட்டியிருந்தார். மலர் வந்தது. அதிகாரிகளின் மீசை, அவர்கள் மனைவிமார் நட்ட மரக்கன்று, எல்லாம் இருந்தது. முத்தாய்ப்பாக, "ஐம்பது ஆண்டுகளில் ஒரு விபத்துகூட இல்லை."

"இன்னாண்ணா இது?" என்று கேட்டார் தனக்கோடி.

"பெரிய சாப் வர்ற நேரத்துல சாவுக் கதை எதுக்கு பா? சுவத்த பூசச் சொன்னதும் நான்தான். ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கோ."

சொல்லும்போதே கோதண்டராமன் வாயில் கேசரிபாத் இருந்தது. மோவாயில் நெய் வழிந்தது. இந்த ஆளுக்கா இத்தனை வருஷம் ஓட்டுப் போட்டோம் என்று தனக்கோடிக்குக் காறித் துப்பலாம் போலிருந்தது.

டிபன் பந்தலை அந்தச் சுவரை ஒட்டியே போட்டிருந்தார்கள். தின்றவர்கள் சுவரோரம் வைத்த டிரம்மில் தண்ணீர் மொண்டு அங்கேயே கை கழுவி, அங்கேயே கொப்பளித்துத் துப்பினார்கள். அத்தனை எச்சிலும் அப்பா மேல். தனக்கோடி டிபன் பக்கமே போகவில்லை. ஆனால் கரியைச் சுரண்டாமல் அதன்மேல் அடித்த சுண்ணாம்பு எத்தனை நேரம் நிற்கும்? தண்ணீர் பட்டுப் பட்டுப் பாளம் பாளமாக உரிந்தது. பெரிய அதிகாரியின் கார் கேட்டுக்குள் நுழைந்தபோது சுவர் பழையபடி கருப்பாக நின்றது.

கோதண்டராமனுக்கு வேர்த்துவிட்டது. "ஒரு விபத்துகூட இல்லை" என்று ஆங்கிலத்தில் எழுதிய துணி பேனரைக் கொண்டுவந்து சுவரை மறைக்கச் சொன்னார். ஒரு முனையைப் பந்தல் கம்பத்தில் கட்டினார்கள். மறுமுனைக்குக் கருங்கல்லில் ஆணி இறங்கவில்லை.

"தனக்கோடி, இந்தக் கயித்த புடிச்சி நில்லு பா. சாப் போற வரைக்கும்தான்."

தனக்கோடி பிடித்தார். பிடித்திருந்த தன் கையைப் பார்க்கவே அவருக்கு அருவருப்பாக இருந்தது. பெரிய அதிகாரி வந்தார், பேனரைப் படித்தார், "வெரி குட்" என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். கோதண்டராமன் எல்லாரையும்விடப் பலமாகத் தட்டினார்.

தனக்கோடியும் கை தட்டுவதற்காகக் கயிற்றை விட்டார்.

பேனர் எச்சில் தண்ணீரில் போய் விழுந்தது. அது என்ன சுவரில் அவ்வளவு கருப்பு என்று பெரிய அதிகாரி ஆங்கிலத்தில் கேட்டார். கோதண்டராமன் என்னவோ சொல்ல வாயைத் திறந்தார். தனக்கோடி முந்திக்கொண்டார்.

"மை ஃபாதர், சார்."