கண்ணாடிக் கடிகாரத்துக்கு இரண்டு விலை

ஸ்ரீவில்லிபுத்தூரில் எனக்குக் கடிகாரக் கடை. பழைய கடிகாரங்களைப் பார்த்து விலையும் சொல்வேன். கூப்பிடுகிறவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுவேன், நான் வரும்வரை அதைத் தொடாதீர்கள் என்று. இதுவரை ஒருவர்கூடக் கேட்டதில்லை.

ராஜபாளையத்தில் பாண்டிதுரை வீட்டுக்குப் போனேன். பட்டாளத்தில் இருபத்திரண்டு வருடம் இருந்து வந்தவர். விலை பார்க்கக் கூப்பிட்டிருந்த கடிகாரம், அவர் மனைவி வெங்கடேஸ்வரிக்குக் கல்யாணத்தின்போது அந்த அம்மாளின் அப்பா கொடுத்தது. நான் உட்காருவதற்குள் அந்த அம்மாள் விஷயத்துக்கு வந்துவிட்டார்.

"அமெரிக்கா கடியாரம்ணே. ஒரு ஓட்டைக் கடியாரத்தைக் குடுத்துப் பொண்ணத் தள்ளிவிட்டாகன்னு முப்பது வருசமா இந்த வீட்ல பேச்சு. இந்தா நிக்கிற இவியளும் சேந்துதான். விக்கிறதுக்கு இல்ல. எங்கப்பா குடுத்தது எம்புட்டு பெறும்னு எனக்குத் தெரியணும்."

பாண்டிதுரை துணியை விலக்கினார். நடுவில் கடிகாரம், இரண்டு பக்கமும் நீளக் கண்ணாடி, வால்நட் மரம். எல்லாம் நேற்றுச் செய்தது மாதிரி பளபளத்தது.

"இன்ஸ்பெக்‌ஷனுக்கு ஆள் வருதுன்னா சும்மா விடுவனா சார்? கண்ணாடி ரெண்டும் மங்கிக் கெடந்துச்சு. அது வீட்டுக்கு ஆகாதுன்னு உடைச்சுப் போட்டுட்டுப் புதுசு மாட்டுனேன். மரத்துக்கு ரெண்டு கோட் வார்னிஷ். உள்ள ஏதோ பழைய காகிதம் ஒட்டியிருந்துச்சு, தண்ணி ஊத்திச் சுரண்டிட்டேன்."

அந்தக் காகிதம்தான் செய்த கம்பெனியின் சீட்டு. அந்த மங்கல் கண்ணாடிதான் நூறு வருடத்துக்குச் சாட்சி. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"பட்டாளத்துல பீரங்கிக்கும் இப்படித்தான் வார்னிஷ் அடிச்சியளா?" என்றேன்.

பின்கதவைத் திறந்து பார்த்தேன். நல்லவேளை, மிஷினை அவர் தொடவில்லை. பித்தளைத் தகட்டில் கம்பெனி முத்திரை தெளிவாக இருந்தது.

"அசல் அமெரிக்கா கடிகாரம்தாம்மா. போன வாரம் பாத்திருந்தா எண்பதாயிரம் சொல்லியிருப்பேன். இன்னைக்குப் பதினஞ்சாயிரம்."

பாண்டிதுரைக்கு முகம் செத்துவிட்டது. அந்த அம்மாள் அழப்போகிறார் என்று நினைத்தேன். அவரோ கணவரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"அப்ப எங்கப்பா குடுத்தது எண்பதாயிரம். பதினஞ்சாயிரம் ஆக்குனது இவிய. ரெண்டையும் அப்படியே எழுதிக் குடுங்கண்ணே."

நான் பையில் பேனாவைத் தேடினேன். பாண்டிதுரையே தன் சட்டைப்பையிலிருந்து எடுத்து என்னிடம் நீட்டினார்.