நார்பெர்ட்டுக்கு வேலை போன காலை

ஆர்டெல்லா பெட்டிஸின் கம்பெனியில் ஒரே ஒரு தோல் நாற்காலி இருந்தது. மூடிப்போன ஒரு வங்கியின் ஏலத்தில் அவளே போய் எடுத்தது. தேக்குக் கால்கள், விளிம்பெல்லாம் பித்தளை ஆணிகள். யார் உட்கார்ந்தாலும் கடன் தர மறுப்பவரைப் போலத் தெரிவார். அதில் ஆர்டெல்லா ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை. அதில் உட்கார்வது நார்பெர்ட் ஷ்லூட்டரின் உத்தியோகம்.

நார்பெர்ட் முன்பு இறைச்சிக் கடையில் பன்றி விலா வெட்டிக்கொண்டிருந்தவர். நல்ல உயரம், வெள்ளைத் தோல், அதைவிட வெள்ளையாக ஒரு மீசை. ஆர்டெல்லாவிடம் சேர்ந்தது குழாய் பிடிக்கத்தான். பாதாளச் சாக்கடையில் அடைப்பு எடுப்பதும், உள்ளே கேமராவை விட்டு உடைசல் பார்ப்பதும் கம்பெனியின் தொழில். தொடங்கிய புதிதில் ஒரு வணிக வளாகத்துக்கு விலை சொல்ல, கறுப்புப் பெண்ணான ஆர்டெல்லா தனியாகப் போனாள். அந்த மேலாளர் அவள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, “உங்க முதலாளி வண்டிய நிறுத்திட்டு வர்றாராம்மா?” என்றார்.

மறு வாரம் நார்பெர்ட்டுக்குப் பழைய துணிக் கடையில் ஒரு கோட்டு வாங்கி மாட்டிக் கூட்டிப் போனாள். அதே மேலாளர், அதே அடைப்பு, அதே விலை. காப்பி ஆறுவதற்குள் கைகுலுக்கி வேலையைக் கொடுத்துவிட்டார். ஆர்டெல்லா வண்டிக்குள் வந்து உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தாள். சிரிப்பு நின்ற பிறகும் கண் துடைக்க வேண்டியிருந்தது. அப்புறம் அடுத்த வேலைக்கு வண்டியைக் கிளப்பினாள்.

அந்த மிசிசிப்பி ஆற்றங்கரை ஊரில் இது பெரிய ரகசியமும் இல்லை. பெயின்ட் அடிக்கும் கிளீவனிடம் ஒரு நார்பெர்ட் உண்டு. கூரை போடும் டூரியஸிடம் ஒரு நார்பெர்ட் உண்டு. ஞாயிற்றுக்கிழமை சர்ச் விட்டதும் மீன் பொரியலுக்கு வரிசையில் நிற்கும்போது, தங்கள் நார்பெர்ட்டுகளின் குறைநிறைகளைப் பேசிக்கொள்வார்கள். “நம்மாளு மீட்டிங்ல தூங்கிட்டாருடி.” “பரவால்ல விடு, என் ஆளு வாயத் தொறந்துட்டாரு.”

வாய் திறந்தால் ஆபத்து என்பதால் நார்பெர்ட்டுக்கு ஆர்டெல்லா ஒரே ஒரு வசனம்தான் எழுதிக் கொடுத்திருந்தாள். யார் என்ன கேட்டாலும் மீசையைத் தடவிக்கொண்டு, “யோசிச்சு நாளைக்குச் சொல்றேன்” என்பார். என்ன ஆழமான மனிதர் என்று ஊரே வியந்தது. யோசிப்பது ஆர்டெல்லா. மறுநாள் தொலைபேசியில் சொல்வதும் அவள்தான். அவளைக் காரியதரிசி என்று நினைத்தார்கள். நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டாள். அங்கேதான் வினை.

நகராட்சி இப்போது வடக்குப் பகுதியின் சாக்கடை முழுவதையும் சுத்தம் செய்ய டெண்டர் விடப் போகிறது. ஆர்டெல்லா பிறந்து வளர்ந்த தெருக்கள் அவை. மழை பெய்தால் நிலவறைக்குள் என்னென்ன மிதக்கும் என்று அவள் அறிந்த தெருக்கள். அதில் ஒரு பங்கு, சிறுபான்மையினர் நடத்தும் கம்பெனிகளுக்கு ஒதுக்கீடு. அதற்கு அரசாங்கச் சான்றிதழ் வேண்டும். சான்றிதழுக்கு நிரூபிக்க வேண்டியது ஒன்றே ஒன்று: கம்பெனி நிஜமாகவே அவள் கையில் இருக்கிறது, எவனோ ஒரு வெள்ளைக்காரன் தன் கம்பெனிக்கு அவள் முகத்தை மாட்டி வைக்கவில்லை.

சோதிக்க வந்த அதிகாரி சொல்லாமல் வந்தார். ஆர்டெல்லா ஒரு தெருமுனையில் சாக்கடை மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். அலுவலகத்தில் தோல் நாற்காலி, அதில் நார்பெர்ட். “இந்தக் கம்பெனியில முடிவெடுக்கிறது யாருங்க?” என்று அதிகாரி கேட்டார். பழக்கத்துக்கு என்ன தெரியும்? நார்பெர்ட் மீசையைத் தடவிக்கொண்டு, “யோசிச்சு நாளைக்குச் சொல்றேன்” என்றார்.

சான்றிதழ் மறுக்கப்பட்டது. பெட்டிஸ் என்பவர் ஷ்லூட்டரின் பினாமி என்று தோன்றுவதாகக் காரணம் சொன்னார்கள். தன்னுடைய பினாமிக்கே தான் பினாமி என்று கேட்டபோது, ஆர்டெல்லாவுக்குக் கோபம்கூட உடனே வரவில்லை. கொஞ்சம் சுற்றிக்கொண்டு வந்தது.

“மன்னிச்சிருங்க ஆர்டெல்லாம்மா. வாய் தானா சொல்லிருச்சு” என்றார் நார்பெர்ட்.

“உன்னச் சொல்லி என்னய்யா? நான்தான நல்லாப் பழக்கி வச்சேன்.”

மேல்முறையீடு ஒன்றுதான் மிச்சம். அதிலும் தோற்றால் ஓர் ஆண்டுக்கு மறுபடி கேட்க முடியாது. டெண்டர் அதற்குள் போய்விடும். வண்டிகளுக்குத் தவணை கட்ட முடியாமல் போனால் மொத்தமாக வாங்கிக்கொள்ள ஒரு பெரிய கம்பெனி ஏற்கெனவே வாசலில் மோப்பம் பிடித்துக்கொண்டிருந்தது.

விசாரணைக்கு ஆர்டெல்லா ஈஸ்டருக்கு மட்டும் வைக்கும் ஊதா நிறத் தொப்பியை வைத்துக்கொண்டு, நார்பெர்ட்டையும் கூட்டிக்கொண்டு போனாள். குழுவில் மூன்று பேர். தலைவர், டாக்டர் எல்ஸ்வொர்த் பிக்கென்ஸ். டாக்டர் என்றால் வைத்தியம் பார்ப்பவர் அல்ல. ஒரு கல்லூரிக்குக் கட்டடம் கட்டிக் கொடுத்ததற்கு நன்றியாக அவர்கள் கொடுத்த பட்டம். அதைக் குளிக்கும்போதுகூடக் கழற்றுவதில்லை என்று கேள்வி. அவரும் கறுப்பர்தான். நகரத்தில் அந்தப் பதவிக்கு வந்த முதல் கறுப்பர், இந்தப் பதவிக்கு வந்த முதல் கறுப்பர் என்று பல முதல்கள் அவருக்கு உண்டு. இரண்டாவதாக யாராவது வருகிறார்கள் என்றால்தான் சற்றுத் தயங்குவார்.

“சகோதரி பெட்டிஸ், பினாமிக் கம்பெனிய நான் வாசல்லயே மோப்பம் பிடிச்சிருவேன். நம்ம ஜனங்க ரத்தம் சிந்தி வாங்கின ஒதுக்கீடு இது. இத வேற ஒருத்தன் பையில போட நான் விட மாட்டேன்” என்று தொடங்கினார். வலப்பக்கம் இருந்த மிஸஸ் ஓக்லி என்ற குழு உறுப்பினர் பேனாவைக் கடித்தபடி ஜன்னலைப் பார்த்தார். இந்த உரையை அவர் முன்பும் கேட்டிருக்க வேண்டும்.

“இதுல எனக்கே நேரடி அனுபவம் இருக்கு” என்று பிக்கென்ஸ் குரலை உயர்த்தினார். “என் வீட்டு நிலவறையில ஒரு தடவ சாக்கடை பொங்கிருச்சு. இந்தக் கம்பெனிதான் வந்தது. நான் பேசினது, விலை பேசினது, எல்லாம் இதோ, ஷ்லூட்டர் கூடத்தான்.”

இடது பக்கத்து உறுப்பினர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார், எல்லாம் முடிந்ததுபோல. ஆர்டெல்லாவுக்கு அந்த நாள் நினைவிருந்தது. அதைச் சொல்வதா வேண்டாமா என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்திருந்தாள். தொப்பியைச் சரிசெய்துகொண்டாள்.

“ஆமாங்க டாக்டர். அந்த வாரம் உங்க வீட்ல விருந்து. கதவத் தட்டினது நான். வணக்கம் சொன்னதும் நான். நீங்க என்னத் தாண்டிப் போயி வண்டிகிட்ட நின்ன இவரு கையப் பிடிச்சுக் குலுக்கினீங்க. இவருக்கு ஐஸ் போட்டு இனிப்புத் தேநீர் குடுத்தீங்க. எங்கிட்ட, ‘அந்த ஹோஸ் பைப்ப எடுத்து ஓரமா வைம்மா, பெரியவங்க நடந்து போகணும்’னீங்க.”

மிஸஸ் ஓக்லி பேனாவை வாயிலிருந்து எடுத்தார்.

“நீங்களே அவரத்தான பாத்தீங்க டாக்டர்? அப்புறம் ஊர்ல மத்தவன் யாரப் பாப்பான்? அதுக்காகத்தான் இவர வச்சிருக்கேன்.” ஆர்டெல்லா குரலை உயர்த்தவில்லை. “விலை கேட்டதுக்கு இவரு என்ன சொன்னாரு, ஞாபகம் இருக்கா?”

பிக்கென்ஸ் தொண்டையைச் செருமினார். “யோசிச்சு... நாளைக்குச் சொல்றேன்னாரு.”

“மறுநாள் ஃபோன்ல சொன்னது யாரு?”

“ஒரு காரியதரிசி பொண்ணு. விலையில ஒரு டாலர் குறைக்க மாட்டேன்னு ஒரே பிடிவாதம்...” சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்தினார். எதிரே இருந்த ஊதாத் தொப்பி அந்தக் காரியதரிசியின் குரலில்தான் இவ்வளவு நேரமும் பேசிக்கொண்டிருக்கிறது என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

ஆனால் முதல் மனிதர்கள் அவ்வளவு சீக்கிரம் தோற்பதில்லை. “வாய்ப்பேச்சு யாருக்கும் வரும் சகோதரி. அதிகாரம்னா என்ன? ஒருத்தன வேலைக்கு வைக்கவும், வீட்டுக்கு அனுப்பவும் முடியணும். இவர உங்களால வீட்டுக்கு அனுப்ப முடியுமா? நெஞ்சுல கை வச்சு...”

“நார்பெர்ட்” என்றாள் ஆர்டெல்லா, திரும்பாமலே. “உனக்கு வேலை போச்சு.”

இதை அவள் திட்டமிட்டு வரவில்லை. சொன்ன பிறகுதான் ஆபத்து புரிந்தது. ‘என்ன ஆர்டெல்லாம்மா, விளையாடுறீங்களா’ என்று அந்த மனிதர் ஒரு சிரிப்புச் சிரித்தால் போதும், எல்லாம் நாடகம் என்று ஆகிவிடும். அதைவிட மோசம், அவர் மீசையைத் தடவலாம். யோசித்து நாளைக்குச் சொல்கிறேன் என்றாரானால் கம்பெனி இன்றே போயிற்று.

நார்பெர்ட்டின் கை மீசை வரை போனது. அங்கேயே ஒரு கணம் நின்றது. பிறகு கோட்டுப் பைக்குள் இறங்கி, வண்டிச் சாவியை எடுத்து ஆர்டெல்லாவின் முன்னால் மேசையில் வைத்தது. எழுந்தார். “சரிங்கம்மா” என்றார். குழுவைப் பார்த்து ஒரு முறை தலையசைத்துவிட்டுக் கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு போய்விட்டார்.

ஜன்னல் வழியே பார்த்தால் நார்பெர்ட் வாகனம் நிறுத்துமிடத்தைக் கடந்து நிஜமாகவே பேருந்து நிறுத்தத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்.

பிக்கென்ஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “குழு எல்லா அம்சங்களையும் ஆழ்ந்து பரிசீலிக்கும். யோசிச்சு நாளைக்குச்...”

மிஸஸ் ஓக்லி சிரித்துவிட்டார். அடக்கப் பார்த்து முடியாமல் சிரித்தார். இடது பக்கத்தவரும் சேர்ந்துகொண்டார். “நாளைக்கு எதுக்கு டாக்டர்? இப்பவே சொல்லிருவோம். நான் குடுக்கலாம்ங்கிறேன்.” “நானும்தான்” என்றார் மற்றவர். இருவரும் ஒரு பக்கம் நின்ற பிறகு, டாக்டர் பிக்கென்ஸ் தன் வாழ்க்கையிலேயே முதல் முறையாக மூன்றாவது ஆளாகக் கை தூக்கினார்.

ஆர்டெல்லா நன்றி சொன்னாள், தொப்பியைப் பிடித்துக்கொண்டு ஓடினாள். பேருந்து நிறுத்தத்தில் நார்பெர்ட் சாண்ட்விச் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

“யோவ்! ஏறுய்யா வண்டில. கெடைச்சிருச்சு!”

“எனக்குத்தான் வேலை போச்சே.”

“திரும்பச் சேத்துக்கிட்டேன்யா.”

நார்பெர்ட் சாண்ட்விச்சை மென்று விழுங்கினார். “சும்மா வர முடியாதுங்கம்மா. இந்தக் கோட்ட இனிமே போட மாட்டேன். கழுத்துல அரிக்குது. எத்தன வருஷமாச் சொல்லணும்னு இருந்தேன், தெரியுமா?”

“சரிய்யா. நாற்காலியக் குடுத்துரு.”

“எடுத்துக்கங்க. தூங்கறதுக்குத்தான் நல்லாருக்கும்.”

அன்று சாயங்காலம் ஆர்டெல்லா தோல் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தாள். கால் தரையில் எட்டவில்லை. குழாய் அறுக்கும் ரம்பத்தை எடுத்து வந்து, நார்பெர்ட்டைப் பிடிக்கச் சொல்லி, தேக்குக் கால்களைத் தன் உயரத்துக்கு அறுத்தாள்.

டெண்டருக்கு முன்னால் இடம் காட்டும் நாள் வந்தது. வடக்குப் பகுதியில் ஒரு மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு கம்பெனிக்காரர்கள் கூடியிருந்தார்கள். நகராட்சிப் பொறியாளர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, ஆர்டெல்லாவைத் தாண்டி, நார்பெர்ட்டுக்குக் கை நீட்டினார். நார்பெர்ட் சட்டைக் கையை மடித்துவிட்டிருந்தார், கையில் ஹோஸ் பைப்.

“என் கை அழுக்கு சார். கைய அங்க குடுங்க. முதலாளி அவங்க.”

நீட்டிய கையை ஆர்டெல்லா பிடித்துக்கொண்டாள். பொறியாளர் திரும்பிப் பார்த்து, முகம் சிவந்து, சுதாரித்துக்கொண்டு, “தோராயமா என்ன விலை ஆகும்னு எப்ப சொல்வீங்கம்மா? நாளைக்கு...” என்று இழுத்தார்.

“நாளைக்கு எதுக்குங்க?” என்றாள் ஆர்டெல்லா. “எழுதிக்குங்க.”