இடுப்பு வரைக்கும் யூனிஃபார்ம்

ராஜகீழ்ப்பாக்கம் சிக்னல் ஓரம் மீன் விற்கும் அங்காளம்மாவை இதுவரை யாரும் ஏமாற்றியதில்லை. இந்தச் செய்தியை ஊரெல்லாம் பரப்பியதும் அங்காளம்மாதான். ஏலத்தில் மீன் எடுக்கும்போது செவுளைத் தூக்கிப் பார்ப்பாள். முகர்ந்து பார்ப்பாள். "இதுக்குக் கருமாதி எல்லாம் முட்ச்சிட்டியா, இன்னும் பாக்கி கீதா?" என்று கேட்டுவிட்டு, சொன்ன விலையில் பாதியிலிருந்து பேச்சை ஆரம்பிப்பாள். ஆட்டோவுக்கும் பாதி, கொத்தனாருக்கும் பாதி. கோயில் அர்ச்சனைச் சீட்டில் விலையை அச்சடித்துத் தொலைத்திருப்பதால் அங்கே மட்டும் முணுமுணுத்துக்கொண்டே முழுசாகக் கொடுப்பாள்.

அப்பேர்ப்பட்டவள் அன்று ஓர் அரசு அலுவலகத்தின் ஜன்னலுக்கு முன்னால் மகள் துர்காவோடு கைகட்டி நின்றாள். துர்கா மேலே இளநீலச் சட்டை, டை, நெஞ்சில் பள்ளிச் சின்னம். கீழே வெளுத்துப்போன பச்சை சுடிதார் பேன்ட். அவள் படிப்பது ஆன்லைன் பள்ளி. அவர்கள் கொடுத்ததே சட்டையும் டையும் மட்டும்தான். கேமராவுக்கு இடுப்புக்குக் கீழே தெரியாதாம்.

அரசாங்கம் கரையோரத்து வீட்டை இடித்துவிட்டுப் பெரும்பாக்கத்தில் மாடி வீடு கொடுத்தபோது துர்கா பத்தாவது முடித்திருந்தாள். பழைய பள்ளிக்கூடம் தூரமாகிப்போனது. பக்கத்துப் பள்ளிக்கூடத்தை விசாரிக்கப் போவதற்குள் போனில் விளம்பரம் வந்தது: 'வீட்டிலிருந்தே பிளஸ் ஒன். அரசு சலுகைகள் அனைத்தும் உண்டு.' அங்காளம்மா மற்றதை எல்லாம் விட்டுவிட்டு அந்தக் கடைசி வரியைப் பிடித்துக்கொண்டாள். மீனவக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு அரசாங்கம் தரும் படிப்பு உதவி வந்தால்தான் துர்கா பிளஸ் டூ. வராவிட்டால் நாளை முதல் அம்மாவுக்குப் பக்கத்தில் இன்னோர் அரிவாள்மணை.

ஜன்னலுக்குள் இருந்த சாம்பசிவன் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு பள்ளிச் சான்றிதழை இரண்டு விரலால் வாங்கினார்.

"ஆன்லைன் ஸ்கூலா?"

"ஆமா சார். அதுக்குக் கெடைக்காதா?"

"ஆன்லைன்ல படிச்சா என்ன, ஆலமரத்தடியில படிச்சா என்ன? அங்கீகாரம் உள்ள பள்ளிக்கூடத்துல பேர் பதிஞ்சிருக்கணும்மா. அரசாங்கத்துல மாணவர் நம்பர் குடுத்திருப்பாங்க. இதுல நம்பரே இல்லையே. கம்ப்யூட்டர்ல தேடினாலும் பொண்ணு இல்ல. எங்களைப் பொறுத்தவரைக்கும் இவ ஸ்டூடன்ட்டே கிடையாது."

"ஒரு வருசமா போனைப் பாத்துகினு குந்திகினு இருந்தாளே, அது இன்னாவாம்?"

"போனைப் பாத்துட்டு இருந்திருக்கா."

வரிசையில் யாரோ சிரித்தார்கள். துர்கா டையைக் கழற்றிப் பைக்குள் போட்டாள். சாம்பசிவன் கைக்குட்டைக்குள்ளிருந்தே குரலைத் தாழ்த்தினார்.

"நீங்க மீன் யாவாரமா? நல்ல வஞ்சிரமா ஒண்ணு வீட்டுப் பக்கம் வந்துதுன்னா, வேற வழி ஏதாவது யோசிக்கலாம்."

அங்காளம்மா அவர் மூக்கையே பார்த்தாள். வாசத்துக்கு ஒரு கை, வஞ்சிரத்துக்கு ஒரு கை.

"துர்கா, வா. இங்க நாறுது."

தாம்பரத்தில், மெத்தைக் கடைக்கு மேல் மாடியில் இருந்தது அந்தப் பள்ளிக்கூடம். பள்ளிக்கூடம் என்றால் ஓர் ஏ.சி. அறை, இரண்டு கம்ப்யூட்டர், ஹேமநாத். அவன் எழுந்து நின்று கும்பிட்டான்.

"வாங்கம்மா! ஜூஸ் சொல்லட்டுமா?"

"ஜூஸை நீயே குடி. எம்பொண்ணு நம்பர் எங்கடா?"

ஹேமநாத் முகம் கோணவில்லை. "அம்மா, நம்பர் ஃபுல் பேக்கேஜ்ல வரும். நீங்க அன்னிக்குப் பாதிக்குக் கேட்டீங்க, நானும் பாதிக்குக் குடுத்தேன். கிளாஸ் உண்டு, சட்டை உண்டு, சான்றிதழ் உண்டு. ரிஜிஸ்ட்ரேஷனைக் கழிச்சுட்டேன். நீங்களும் மீனைத் தலைய எடுத்துட்டுத்தானே துண்டு போட்டுக் குடுக்கறீங்க?"

"தலைய எடுத்தா, எடுத்தேன்னு சொல்லுவேன்டா!"

"நீங்க கேக்கலையேம்மா."

அங்காளம்மா திரும்பி மாடிப்படியைப் பார்த்தாள். அன்று இந்த மாடிப்படியில் அவள் எப்படி இறங்கிப் போனாள்! "பள்ளிக்கூடத்தையே பாதி வெலைக்கு முட்ச்சிட்டேன்" என்று மாடி வீடு பூராவும் சொல்லித் திரிந்தாளே! கேட்டவர்களில் ரெண்டு பேர் தங்கள் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்து இதே ஆளிடம் சேர்த்தார்கள். அவர்களும் பேரம் பேசித்தான் சேர்த்தார்கள்.

"இப்பவும் ஒண்ணும் கெட்டுப் போகலம்மா," என்றான் ஹேமநாத். "சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் நமக்குத் தெரிஞ்ச ஸ்கூல் ஒண்ணு இருக்கு. போன ஜூன்லேருந்தே அங்க படிச்ச மாதிரி பேரை ஏத்திடலாம். நம்பர் வரும், உதவித்தொகை வரும். அதுக்குத் தனி சார்ஜ்." ஒரு தொகையைச் சொன்னான்.

"அந்த ஸ்கூல் எந்தப் பக்கம்னுகூட எனக்குத் தெரியாதே," என்றாள் துர்கா.

"தெரிய வேணாம்மா. நீ போகப் போறதில்லையே."

அங்காளம்மாவின் மூளை வேண்டாம் என்றது. ஆனால் நாக்கு முப்பது வருஷம் பழகிய நாக்கு. அது தானாகவே புரண்டு, "அதுல பாதி தரேன்," என்றது.

"அம்மா!" துர்கா அவள் கையைப் பிடித்து இழுத்தாள். "இதுக்குமா பேரம் பேசுவ? த்தூ!"

"சரிம்மா, உங்களுக்காக. பாதியே குடுங்க," என்றான் ஹேமநாத்.

அவ்வளவுதான். அங்காளம்மாவுக்கு உடம்பெல்லாம் கூசியது. ஏலத்தில் எவனாவது முதல் பேச்சிலேயே பாதிக்குத் தலையாட்டினால் அவள் கூடையைத் தொடக்கூட மாட்டாள். நல்ல சரக்கு வைத்திருப்பவன் கத்துவான், திட்டுவான், 'போம்மா, வேலையப் பாத்துகினு' என்று விரட்டுவான். உடனே தலையாட்டுகிறவன் மீனில் செவுள் கறுத்திருக்கும். அன்றைக்கும் இவன் இப்படித்தான், இதே சிரிப்போடு, ஒரே பேச்சில் தலையாட்டினான். மீனாக இருந்திருந்தால் முகர்ந்திருப்பாள். ஏ.சி. அறையில் மூக்கு வேலை செய்யவில்லை.

"சட்டையக் கயட்டிக் குடுக்கட்டுமா, அதையும் வேற எவளுக்காவது பாதிக்குத் தள்ளுவ?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் இறங்கினாள். படியில் இறங்கும்போது அவனைத் திட்டினாள். சாம்பசிவனைத் திட்டினாள். கடைசிப் படியில் திட்ட வேறு ஆள் கிடைக்காமல் தன் வாயில் தானே ஒரு போடு போட்டுக்கொண்டாள்.

ஜூன் மாதம் பெரும்பாக்கம் அரசுப் பள்ளியில் துர்காவை மறுபடியும் பிளஸ் ஒன்னில் சேர்த்தார்கள். ஒரு வருஷம் போயே போச்சு. தன்னைவிடச் சின்னப் பெண்களோடு உட்காரப் போகிறவள் அம்மாவிடம் மூன்று நாளாகப் பேசவில்லை. தலைமையாசிரியை பெயரைப் பதிந்து, நம்பரைச் சொல்லி, "உதவிக்கு நாங்களே எழுதி அனுப்பறோம்," என்றார்.

"எவ்ளோ ஆவும் டீச்சர்?"

"ஒண்ணும் வேணாம்மா."

அங்காளம்மா நகரவில்லை. நாற்காலி, மேஜை, தலைமையாசிரியையின் முகம் என்று ஒவ்வொன்றாகச் செவுள் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

"எதைக் கழிச்சிட்டு டீச்சர்?"

"அம்மா, வா," என்றாள் துர்கா. நாலாம் நாளின் முதல் பேச்சு.